வாசகர் கேள்விகள்: கருகிய கட்டை எப்படிச் சிற்பம் ஆகும்?

என் மகன் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் வேலை பார்க்கிறான். அவனோடு இருக்கப் போனபோது 'ஃபாரஸ்ட் ஆஃப் டீன்' என்ற காட்டுக்கு அழைத்துப் போனான். சிற்பப் பாதை என்று போர்டு வைத்திருந்தார்கள். ஆசையாக நடந்துபோனால், ஓரிடத்தில் கருகிப்போன கட்டைகளை நெருக்கி நெருக்கி மண்ணில் நட்டு வைத்திருக்கிறார்கள். அதிலும் பல கட்டைகள் மக்கிவிட்டன, பாசி பிடித்துக் கிடக்கின்றன. பெரிய சிற்பியின் வேலை அம்மா என்கிறான் மகன். இதில் அப்படி என்ன இருக்கிறது ஐயா? அவ்வளவு பெரிய சிற்பி என்றால் ஒரு வார்னிஷ் அடித்துக் காப்பாற்றக் கூடாதா?
— வாசகி, பொள்ளாச்சி

மகன் சொன்னது சரிதான் அம்மா. நீங்கள் பார்த்தது டேவிட் நாஷ் 1986-இல் செய்த 'பிளாக் டோம்'. வேல்ஸில் பிளைனாய் ஃபெஸ்டினியாக் என்ற ஊரில் பழைய தேவாலயம் ஒன்றைப் பட்டறையாக வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க மரத்திலேயே வேலை செய்துவரும் ஆள். லார்ச் மரத்தில் 900 கட்டைகள் எடுத்து, தீயில் கருக்கி, நடுவில் உயரமாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் வருகிற மாதிரி நட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் தரையிலிருந்து கறுப்பாக ஒரு மேடு புடைத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

பொள்ளாச்சிக்காரர் என்பதால் உங்களுக்கு உடனே பிடிபடவில்லை. ராமநாதபுரம், சிவகங்கை ஆட்கள் யாராவது கூட வந்திருந்தால் பார்த்ததும் சொல்லியிருப்பார்கள், இது கரி மூட்டம் என்று. கருவேலங்கட்டையை வட்டமாக அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் போட்டு மண்ணால் மூடி, உள்ளே நெருப்பு வைத்து, காற்று அதிகம் புகாமல் நாள்கணக்கில் காவல் காப்பார்களே, அதேதான். டீன் காட்டிலும் நூற்றாண்டுக் கணக்கில் இதே வேலை நடந்தது. வைக்கோலுக்குப் பதில் அங்கே புல்லோடு பெயர்த்த மண்கட்டிகள். மூட்டத்தில் எங்காவது ஓட்டை விழுந்து காற்று உள்ளே போனால் கட்டை முழுக்கச் சாம்பலாகிவிடும் என்பதால், மூட்டம் போட்டவர் பக்கத்திலேயே குடிசை கட்டிக்கொண்டு ராத்திரியும் பகலும் புகையின் நிறத்தைப் பார்த்தபடியே கிடப்பார்.

இவ்வளவு கரி எதற்கு என்றால் இரும்புக்கு. அந்தக் காட்டு மண்ணுக்கு அடியில் இரும்புத்தாது உண்டு, அதை உருக்க மரக்கரி வேண்டும். 1709-இல் கோல்புரூக்டேல் என்ற இடத்தில் ஆபிரகாம் டார்பி நிலக்கரியைச் சுட்டெடுத்த கோக்கை வைத்து இரும்பு உருக்கிக் காட்டினார். அதுவரைக்கும் இரும்பு உருக்க ஐரோப்பாவுக்கு மரத்தை விட்டால் வழி கிடையாது. காட்டைத் தின்றுதான் உலை எரிந்தது. இன்றைக்கும் டீன் காட்டில் சரிவான இடங்களில் திடீரென்று வட்டமாக, சமமாக ஒரு திட்டு தென்படும், அங்கே மண்ணைக் கிளறினால் கறுப்பாக வரும். பழைய மூட்டம் போட்ட இடங்கள் அவை. நாஷ் அந்தத் திட்டுகளைப் பார்த்துவிட்டுத்தான் இதைச் செய்தார்.

வார்னிஷ் விஷயத்துக்கு வருகிறேன். மக்கட்டும் என்றுதான் அவர் அதைச் செய்தார். இலை விழுந்து, காளான் முளைத்து, கட்டை கொஞ்சம் கொஞ்சமாக மண்ணோடு கலந்து, கடைசியில் வெறும் மேடாகிவிட வேண்டும் என்பது திட்டம். ஆனால் போகிற வருகிறவர்கள் எல்லாம் மேலே ஏறி நடந்து மிதித்ததில் நடுப்பகுதி அவர் நினைத்ததைவிடச் சீக்கிரமே தேய்ந்துபோனது. அதுவும் சரிதான், கரி சுடுகிறவர்களும் விறகுவெட்டிகளும் மிதித்த காடுதானே. இன்னொன்று, வெயிலிலும் மழையிலும் நிற்கிற மரத்துக்கு வார்னிஷ் அடித்தால் ஒன்றிரண்டு வருடத்தில் தோல் உரிந்துவிடும், உரிந்த இடத்தில் நீர் இறங்கி உள்ளேயே தங்கி, அடிக்காமல் விட்டதைவிட வேகமாக அழுகும். கருக்குவது அதைவிடக் கெட்டிக்காரத்தனமான பாதுகாப்பு. நம் ஊரில் வேலிக்காலின் அடியைத் தீயில் வாட்டி நடுவது சும்மா இல்லை.

அதே பாதையில் பெரிய நாற்காலி ஒன்றைப் பற்றி மகன் சொன்னானா? நீங்கள் போனபோது அது இருந்திருக்காது. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்த மாக்டலேனா யெட்டெலோவா 1986-இல் ஓக் மரத்தில் செய்தது, பெயர் 'பிளேஸ்'. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ராட்சத நாற்காலி. சரிவின் உச்சியில் நின்று கானப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும், அதன் கால்களுக்கு நடுவே மனிதர்கள் நடந்து போகலாம். கல்யாண போட்டோ, குழந்தை போட்டோ எல்லாம் அங்கேதான். கிட்டத்தட்ட முப்பது வருடம் நின்று, கால்கள் உளுத்துப்போய், யார் மேலாவது விழுந்துவிடும் என்ற நிலையில் 2015-இல் பிரித்தார்கள். ஊரே வருத்தப்பட்டது. புதிதாக ஒன்று அதே மாதிரி செய்து நிறுத்தியிருக்கலாம், சுலபம். செய்யவில்லை. அந்த ஓக் கட்டைகளைக் கரியாக்கினார்கள். ஓன்யா மெக்காஸ்லாண்ட் என்ற கலைஞர் அந்தக் கரியை நிலத்தில் நீளமாக ஒரு கோடு வெட்டி அதற்குள் நிரப்பினார். 2017-இல் வந்த அந்த வேலையின் பெயர் 'சார்கோல் மெஷர்'. காட்டில் வெட்டிய மரம், நாற்காலியாகி, கரியாகி, திரும்ப அதே மண்ணுக்குள். எனக்குத் தெரிந்து ஒரு பொதுச் சிற்பத்துக்கு இதைவிட மரியாதையாக யாரும் விடை கொடுத்ததில்லை.

பெர்த் நகரில் இருபது வருடமாக இருக்கிறேன். எங்கள் பக்கத்து ஜாரா மரம் இங்கிலாந்தில் ஏதோ காட்டில் சிற்பமாகக் கிடப்பதாக நண்பர் சொன்னார். ஜாராவுக்கும் இங்கிலாந்துக் காட்டுக்கும் என்ன சம்பந்தம்?
— வாசகர், பெர்த், ஆஸ்திரேலியா

நண்பர் சொன்னதும் அதே டீன் காடுதான். இந்த வாரம் எல்லோரும் அங்கேயே போய்விட்டீர்கள் போல.

கியர் ஸ்மித் என்ற சிற்பி 1986-இல் செய்த 'தி அயர்ன் ரோடு'. காட்டுக்குள் ஒரு காலத்தில் நிலக்கரியும் மரமும் ஏற்றிப் போன ரயில் தடம் ஒன்று இருந்தது, தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். அந்தத் தடத்திலேயே, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடுவார்களே, அந்த ஸ்லீப்பர் கட்டைகள் 20-ஐ வரிசையாகப் பதித்து, ஒவ்வொன்றின் மேலும் ஓர் உருவத்தைச் செதுக்கியிருக்கிறார். அந்தக் காட்டின் பழைய கதையும் பழைய தொழில்களும்தான் விஷயம். ரயிலில் போகிறவன் ஸ்லீப்பரைப் பார்க்க மாட்டான், நடந்து போகிறவன் ஒவ்வொரு கட்டையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போகலாம்.

அந்தக் கட்டைகள் ஜாரா. உங்களுக்கே தெரியும், மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் மட்டும் வளர்கிற மரம், ரத்தச் சிவப்பு, கல் மாதிரி கனம், கரையான் சுலபத்தில் தொடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் உலகம் முழுக்க ரயில் போட்டுக்கொண்டிருந்தபோது ஸ்லீப்பருக்கு இது தங்கமாகிவிட்டது. இந்தியாவுக்கும் வந்தது. லண்டன் தெருக்களில் குதிரை வண்டிச் சத்தம் குறையட்டும் என்று செங்கல் அளவுக்கு மரக்கட்டைகளைப் பதித்தார்களே, அதிலும் ஜாரா உண்டு, கூடவே உங்கள் ஊர்க் கார்ரி மரமும். ஓக்குக்குப் பேர் போன காட்டுக்குள் ரயில் தடத்துக்கு உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்த மரம் கிடக்கிறது என்றால், சொந்தக் காட்டைச் செலவழித்த பிறகு அந்த நாடு யாருடைய காட்டைச் செலவழித்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஸ்மித் இதை நினைத்துத்தான் ஜாராவை எடுத்தாரா, பழைய ஸ்லீப்பர் என்று கேட்டால் கைக்குக் கிடைப்பதே அதுதான் என்பதால் எடுத்தாரா என்பது எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. கட்டையே சொல்கிறது.

மரம் வெட்டிய வரலாற்றைப் பேச இன்னொரு மரத்தை வெட்டிச் சிற்பம் செய்வது கேலிக்கூத்து இல்லையா?
— கல்லூரி மாணவர், கோவை

நல்ல கேள்வி தம்பி, ஆனால் காகிதத்தில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

நாஷ் பெரும்பாலும் விழுந்த மரத்தையும், நோய் வந்தோ ஆபத்து என்றோ எப்படியும் வெட்டப்போகிற மரத்தையும்தான் எடுப்பார். டீன் காடு இன்றும் மரம் அறுவடை செய்கிற காடு, சிற்பம் செய்யாவிட்டாலும் லாரி வரும். அதே பாதையில் நெவில் கேபி 2001-இல் செய்த 'ரா' என்று ஒன்று இருக்கிறது. ஒரே ஓர் ஓக் மரம். அதை முழுக்க அறுத்து, துண்டு துண்டாக இழைத்து, இடைவெளி இல்லாமல் அடுக்கி ஒரு பெரிய கனசதுரமாக நிறுத்திவிட்டார். பக்கத்தில் நின்று கையை வைத்துப் பார்த்தால் ஒரு மரத்துக்குள் எவ்வளவு மரம் இருக்கிறது என்று புரியும். டிம்பர் டெப்போவில் கன அடி கணக்குப் போடுகிறவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது, நமக்கெல்லாம் மரம் என்றால் இலையும் நிழலும்தான்.

உங்கள் கோபம் நியாயமாகிற இடமும் உண்டு. நல்ல மரத்தை வெட்டி, கரடி பொம்மையாகவும் கழுகு பொம்மையாகவும் செயின்சாவால் செதுக்கி, பளபளவென்று பூசி, ரிசார்ட் வாசலில் நிறுத்திவிட்டு 'இயற்கையைக் காப்போம்' என்று பலகை மாட்டுகிறார்களே, அங்கே போய்க் கேளுங்கள்.

வெளிநாட்டுக் காட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் ஆனைமலையில் வெட்டாத தேக்கா? இங்கே ஒரு சிற்பம் உண்டா?
— வாசகர், உடுமலைப்பேட்டை

சரியான இடத்தில் பிடித்தீர்கள். இரண்டு காடும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்தவைதான்.

1802-இல் நெல்சன், அந்தக் கடற்படைத் தளபதியேதான், டீன் காட்டைப் போய்ப் பார்த்துவிட்டு, கப்பலுக்கான ஓக் இருக்கிற நிலைமை படுமோசம் என்று எழுதினார். அவர் டிரஃபால்கர் கடற்போரில் உயிரை விட்ட 'விக்டரி' கப்பலுக்கு மட்டும் சுமார் 6,000 மரங்கள், பெரும்பாலும் ஓக், செலவானதாகச் சொல்வார்கள். 1808-இல் சட்டம் போட்டு, டீனில் 11,000 ஏக்கர் வரை வேலி அடைத்து ஓக் விதை ஊன்ற ஏற்பாடு செய்தார்கள். கப்பல் கட்டும் அளவுக்கு ஓக் வளர நூறு வருடத்துக்கு மேல் ஆகும். அவை பாதி வளர்வதற்குள் 1860-இல் இரும்பு உடம்போடு 'வாரியர்' கப்பல் கடலில் இறங்கிவிட்டது. யாருக்கும் வேண்டாத கப்பல் மரங்களாக அந்த ஓக்குகளில் பல இன்னும் அங்கே நிற்கின்றன.

ஓக் வளரும்வரை கப்பலுக்கு என்ன செய்வது? தேக்கு. 1806-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கேப்டன் வாட்சன் என்ற போலீஸ் அதிகாரியை மலபாரில் காட்டுப் பொறுப்பாளராகப் போட்டது. சொந்த நிலத்தில் நின்ற தேக்கில்கூட மக்கள் கை வைக்கக் கூடாது என்கிற அளவுக்குக் கெடுபிடி. எதிர்ப்பு முற்றி, தாமஸ் மன்றோ சென்னை கவர்னராக வந்த பிறகு அந்தப் பதவியையே எடுத்தார். 1817-இல் பம்பாயில் மலபார் தேக்கால் கட்டிய கப்பல் ஒன்று இங்கிலாந்தில் ஹார்ட்லிபூல் துறைமுகத்தில் இன்றும் இருக்கிறது. அதன் பெயர் 'டிரிங்கோமாலி', நம் திருகோணமலைதான்.

ஆனைமலைக்கு வருவோம். 1840-களின் இறுதியில் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியின் பொறுப்பில் இங்கே வெட்டு ஒழுங்காக ஆரம்பித்தது, மரம் பம்பாய் கப்பல் துறைக்குப் போனது. யானை இழுத்துவந்த தேக்குத் தடிகளை மலை விளிம்பிலிருந்து கீழே சறுக்கிவிட்ட இடம்தான் டாப்ஸ்லிப். அங்கே சுற்றுலா போகிறவர்களில் எத்தனை பேர் இதைத் தெரிந்துகொண்டு போகிறார்கள்? வெட்டி மொட்டையான மலைக்கு 1910-களில் வந்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி, அடிமரத்தை விட்டுத் துளிர்க்க வைத்தும் புதிதாக நட்டும் தேக்கைத் திரும்ப வளர்த்தார். கைத்தடியால் மண்ணில் குழி குத்தி, பையிலிருக்கும் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று அந்தப் பக்கத்தில் கதை சொல்வார்கள். 1933-இல் இறந்தவரின் கல்லறை டாப்ஸ்லிப்பில் தேக்குகளுக்கு நடுவே இருக்கிறது. என் நினைவுச்சின்னத்தைப் பார்க்க வேண்டுமானால் சுற்றிலும் பாருங்கள் என்று லத்தீனில் எழுதியிருக்கும். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் கிறிஸ்டோபர் ரென் கல்லறையில் உள்ள அதே வாசகம்.

நல்ல மனிதர், நல்ல கல்லறை, குறை சொல்லவில்லை. ஆனால் தடியைச் சறுக்கிவிட்டவர்கள் யார்? யானையை நடத்தியவர்கள் யார்? மலசர், காடர் என்று பெயர் சொல்லக்கூடிய மக்கள் இன்றும் அதே மலையில் இருக்கிறார்கள், கோழிகமுத்தி முகாமில் மலசர்கள்தான் இன்றும் யானைப் பாகர்கள். அவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு கட்டைகூட இல்லை. என்னைக் கேட்டால், தடி சறுக்கிய அந்த விளிம்பில், பழைய சரிவைப் பார்த்தபடி நாலைந்து தேக்குத் தடிகளைக் கிடத்தி, அவர்கள் மொழியில் அந்த வேலைக்கு என்னென்ன சொற்கள் இருந்தனவோ அவற்றை அவர்களையே கேட்டு, அவர்கள் கையாலேயே செதுக்க வைக்கலாம். புலிகள் காப்பகம் என்பதால் நீங்களும் நானும் போய்ச் செய்துவிட முடியாது, வனத்துறை மனது வைக்க வேண்டும். டிப்போவில் தேக்குக்குப் பஞ்சமில்லை.

எங்கள் பள்ளியில் கஜா புயலில் விழுந்த பெரிய புளியமரத்தின் அடிமரம் இன்னும் மைதான ஓரத்தில் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு நினைவாக அதை ஏதாவது சிற்பமாக நிறுத்தலாம் என்று ஆசை. எப்படிச் செய்தால் நிற்கும்?
— தலைமையாசிரியர், ஒரத்தநாடு பக்கம்

2018-இல் விழுந்த மரம் என்றால் வெளிப்பக்கத்து வெள்ளை மரம் இந்நேரம் உளுத்து மாவாகியிருக்கும் சார். கவலை வேண்டாம், அதைக் கொத்திக் களைந்துவிடுங்கள். புளியில் உள்ளே இருக்கிற வைரம்தான் சரக்கு. பழுப்பும் கத்தரிப்பூ நிறமும் கலந்து, உளி பட்டால் கணீரென்று சத்தம் வரும். வெளியே அவ்வளவு பருமனாகத் தெரிந்தாலும் வைரம் எதிர்பார்த்ததைவிடச் சிறிதாகத்தான் இருக்கும், அதனால் முதலில் வெள்ளையை எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் என்ன உருவம் என்று முடிவு செய்யுங்கள். உருவத்தை முதலில் வரைந்துவிட்டு மரத்தைத் தேடினால் ஏமாற்றம்தான்.

நிறுத்தும்போது எல்லோரும் செய்கிற தப்பு, குழி தோண்டி அடிமரத்தை இறக்கிச் சுற்றிலும் சிமெண்ட் கலவை ஊற்றுவது. பலமாகத் தெரியும், ஆனால் மரத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவில் மழைநீர் இறங்கித் தங்கி, தரை மட்டத்தில்தான் முதலில் அழுகும். அதற்குப் பதில் கருங்கல் பீடம் போட்டு, அதில் இரும்புத் தகடும் போல்ட்டும் வைத்து, மரம் தரையிலிருந்து ஒரு சாண் மேலேயே நிற்கிற மாதிரி செய்யுங்கள். கரையான் ஏறினாலும் கண்ணில் படும். தலைப்பக்கம் தட்டையாக விடாமல் சரிவாக இழைத்தால் தண்ணீர் நிற்காது. வெடிப்பு விழத்தான் செய்யும், புட்டி வைத்து அடைக்காதீர்கள், அடைத்தால் பக்கத்திலேயே இன்னொன்று விடும். அடிப்பாகத்தை ஒரு விரல்நுனி கனத்துக்குக் கருக்கி, மற்ற இடத்தில் வருடத்துக்கு ஒரு தடவை ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் போதும். அதைப் பிள்ளைகளே செய்யலாம்.

செதுக்க ஆள் வேண்டுமென்றால் பெரம்பலூர் பக்கம் அரும்பாவூரில் கேளுங்கள். தேரும் வாகனமும் செய்கிற மரச் சிற்பிகள் அங்கே இருக்கிறார்கள், புவிசார் குறியீடு வாங்கிய ஊர். பெரும்பாலும் வாகை, மா மாதிரி மரத்தில் வேலை செய்து பழகியவர்கள், புளி என்றால் உளி தேய்ந்துவிடும் என்று முதலில் முகம் சுளிப்பார்கள். நேரில் வரவழைத்துக் கட்டையைக் காட்டி, கூலியை அப்போதே பேசி முடித்துவிடுங்கள். அரசுப் பள்ளி என்றால் விழுந்த மரமும் அரசுக் கணக்குதான், கை வைப்பதற்கு முன் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதி செதுக்கியபோது யாராவது மனு போட்டுவிடுவார்கள்.